அச்சு சரிதான், மெழுகுவர்த்தி ஏன் இப்படி வருகிறது?

புதுத்திரி:
எல்லோருக்கும் வணக்கம். பத்து நாளாக வீட்டில் மெழுகுவர்த்தி வார்த்துப் பழகுகிறேன். அச்சு எதையும் வாங்கவில்லை. கைக்குக் கிடைத்த எவர்சில்வர் டம்ளர், காலியான பால் அட்டைப்பெட்டி, முட்டை ஓடு, இந்த மூன்றிலும் ஊற்றிப் பார்த்தேன்.

டம்ளரில் ஊற்றியது வெளியே வரமாட்டேன் என்கிறது. கவிழ்த்துத் தட்டினேன், படிக்கட்டில் தட்டினேன், கடைசியில் டம்ளர்தான் நெளிந்தது. பால் பெட்டியைக் கிழித்தால் உள்ளே அழகான சதுரத் தூண். ஆனால் மேலே திரியைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குக் குழி, தூணின் பக்கங்களும் கொஞ்சம் தொப்பை போட்டிருக்கின்றன. முட்டை மட்டும் பார்க்க நன்றாக வந்தது. ஆனால் எதை ஏற்றினாலும் பத்து நிமிடத்துக்குள் சுடர் சுருங்கி, உருகிய மெழுகிலேயே மூழ்கி அணைந்துவிடுகிறது. வெள்ளைத் தையல் நூலை ஆறு இழையாக முறுக்கித் திரியாகப் போட்டேன். சாதாரண பாரஃபின் மெழுகுதான். எங்கே தப்பு?

பழையடப்பா:
தப்பு ஒன்றில்லை, நாலு இருக்கிறது. பயப்படாதீர்கள், எல்லாம் எல்லோரும் செய்வதுதான்.

முதலில் டம்ளர். எதை அச்சாக எடுத்தாலும் அதன் வாய் அடிப்பகுதியைவிட ஒரு நூலாவது அகலமாக இருக்கவேண்டும். நேர்ச்சுவர் டம்ளரிலேயே மெழுகு கவ்விக்கொள்ளும், நடுவில் வயிறு பெருத்த பாத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஊற்றுவதற்கு முன் உள்ளே எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்திருக்கலாம். துணியில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான். அதிகமானால் மெழுகின் மேல்பரப்பில் வரிவரியாகத் தெரியும். இப்போது மாட்டிக்கொண்டிருப்பதை ஃப்ரீசரில் பதினைந்து நிமிடம் வையுங்கள். மெழுகு உலோகத்தைவிட அதிகமாகச் சுருங்கும், தானாகக் கழன்று வரலாம். மறந்துபோய் ஒரு மணி நேரம் விட்டால் உள்ளுக்குள் வெடித்துக் கண்ணாடிக் கீறல் மாதிரி ஆகிவிடும். அதற்கும் வரவில்லை என்றால் வெந்நீரில் டம்ளரை வைத்து உருக்கி எடுத்துவிடுங்கள். மெழுகில் இது ஒரு நிம்மதி. எத்தனை முறை கெட்டாலும் உருக்கி மறுபடி ஆரம்பிக்கலாம்.

அடுத்தது குழி. பாரஃபின் இறுகும்போது பத்து சதவீதத்துக்கும் மேலே சுருங்கும். ஓரம் முதலில் இறுகும், நடு கடைசியில். கடைசியாக இறுகும் இடத்துக்கு மெழுகு பற்றாமல் போகிறது, அதுதான் குழி. இதைத் தடுக்க முடியாது, நிரப்பத்தான் முடியும். மேலே ஆடை கட்டி, தொட்டால் ரப்பர் போல அமுங்கும்போது ஒரு பின்னல் ஊசியால் திரியை ஒட்டி நாலைந்து இடத்தில் ஆழமாகக் குத்துங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், ஊசி சட்டென்று உள்ளே போகும். எல்லாம் ஆறி இறுகியதும், எடுத்து வைத்த மெழுகை முதல் தடவையைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஊற்றி நிரப்புங்கள். ஒன்று மட்டும் கவனம்: முதலில் ஊற்றிய மட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அச்சுக்கும் மெழுகுக்கும் இடையில் வழிந்து இறங்கி, பக்கவாட்டில் தேமல் மாதிரி திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

தொப்பைக்குக் காரணம் அட்டை. சூடான மெழுகின் கனத்தில் பிதுங்குகிறது. ஊற்றும் முன் பெட்டியைச் சுற்றி மூன்று இடத்தில் டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் நாலு பக்கமும் புத்தகம் அண்டக் கொடுங்கள்.

திரியைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், எனக்கு அதில் பொறுமை குறைவு.

தறிநூல்:
திரிக்கு நான் வருகிறேன். புதுத்திரி, அந்தத் தையல் நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். எரிந்து சாம்பலாகி, காகிதம் கருகிய வாடை வந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு நுனியில் கறுப்பாக ஒரு மணி உருண்டால் பாலியஸ்டர். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

புதுத்திரி:
மணி உருண்டது. கடுகு அளவுக்கு, கறுப்பாக, கல் மாதிரி. பிளாஸ்டிக் வாடை வேறு. பத்து நாளாக நான் பிளாஸ்டிக்கைத்தான் கொளுத்திக்கொண்டிருந்தேனா?

பழையடப்பா அண்ணா, டம்ளரிலிருந்து வந்துவிட்டது! பன்னிரண்டாவது நிமிடத்தில் டொக் என்று ஒரு சத்தம், கவிழ்த்தால் கையில் விழுந்தது. மிக்க நன்றி.

பழையடப்பா:
அண்ணா இல்லை, பேத்தி எடுத்தவள். பரவாயில்லை.

தறிநூல்:
நினைத்தேன். மெழுகுவர்த்தியில் எரிவது திரி இல்லை, மெழுகின் ஆவி. உருகிய மெழுகைச் சுடர்வரைக்கும் ஏற்றிக் கொடுப்பதுதான் திரியின் வேலை. பாலியஸ்டர் அந்த வேலையைச் செய்வதற்கு முன்பே உருகி உருண்டுபோகும். ஏறவேண்டிய மெழுகு கீழேயே தேங்கும், சுடர் அதிலேயே மூழ்கும்.

பருத்தி நூல் எடுங்கள். முறுக்காதீர்கள், பின்னுங்கள், சாதாரண மூன்று கால் சடை போதும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முறுக்கின திரி எரியும்போது நட்டுக்குத்தலாகச் சுடருக்கு நடுவிலேயே நிற்கும். அங்கே காற்று போதாது, கரி சேர்ந்துகொண்டே போகும். பின்னின திரி நுனியில் ஒரு பக்கமாக வளையும், வளைந்த நுனி சுடரின் விளிம்புக்கு வந்து தானே எரிந்து உதிரும். பழைய காலத்தில் கருகின நுனியை அடிக்கடி கத்தரிப்பதற்கென்றே ஒரு கத்தரி வைத்திருந்தார்கள். 1825-இல் பிரான்சில் கம்பாசெரே என்பவர் பின்னின திரியைக் கொண்டுவந்த பிறகு அந்தக் கத்தரிக்கு வேலை குறைந்தது. அதே ஆண்டில்தான் அதே நாட்டில் செவ்ரல், கே-லுசாக் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்டியரிக் அமிலத்தில் மெழுகுவர்த்தி செய்யக் காப்புரிமை வாங்கினார்கள். இன்று நாம் பாரஃபினோடு கலக்கும் அதே ஸ்டியரிக் அமிலம். நூற்றுக்குப் பத்து கலந்தால் மெழுகு கெட்டியாகும், வெண்மை கூடும், அச்சிலிருந்து எளிதாகக் கழலும்.

சடையைப் பின்னிய பிறகு ஒரு குவளை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வெங்காரமும் (போராக்ஸ்) கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் படபடவென்று வெடிக்கும். வெங்காரம் எதற்கு என்றால், அணைத்த பிறகு திரி தணலாகக் கனன்றுகொண்டே புகைவிடாமல் இருக்க. வெங்காரத் தண்ணீரைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காய்ந்ததும் உருகிய மெழுகில் முக்குங்கள். சின்னச் சின்னக் குமிழாக வரும், அது நூலுக்குள் இருக்கும் காற்று. குமிழ் நின்றதும் எடுத்து, நுனியைப் பிடித்து நேராக இழுத்து ஆறவிடுங்கள். குச்சி மாதிரி விறைத்து நிற்கும், அச்சுக்கு நடுவில் கட்டவும் சுலபம்.

எவ்வளவு தடிமன் என்று கேட்பீர்கள். அதற்குக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது, ஏற்றித்தான் பார்க்கவேண்டும். ஒரே அளவில் மூன்று மெழுகுவர்த்தி வார்த்து, மூன்று தடிமனில் திரி போட்டு, இரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். திரி மெலிந்தது என்றால் சுடர் கிணறு வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். தடித்தது என்றால் புகைவரும், நுனியில் காளான் மாதிரிக் கரி கட்டும். தூணாக நிற்கும் மெழுகுவர்த்தியில் ஓரத்தில் சுண்டுவிரல் பாதி அகலத்துக்கு உருகாத சுவர் மிஞ்சினால் அந்தத் திரிதான் சரி. ஏற்றும் முன் எப்போதும் திரியை ஆறு மில்லிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள்.

குட்டிச்சுவர்:
ஒரு மெழுகுவர்த்திக்கு இத்தனை பாடமா! நான் குழந்தைகளின் மெழுகுக் கிரேயானை உடைத்துப் போட்டு உருக்குகிறேன், நிறம் ஜோராக வருகிறது. கிரேயானும் மெழுகு, இதுவும் மெழுகு. யாரும் குறை சொன்னதில்லை.

பழையடப்பா:
ஏற்றிப் பார்த்தீர்களா?

குட்டிச்சுவர்:
அலமாரியில் வைத்திருக்கிறேன். அழகுக்குத்தானே செய்கிறோம்?

பழையடப்பா:
அதைத்தான் கேட்டேன். கிரேயானில் நிறத்துக்குப் போடுவது மெழுகில் கரையாத தூள். அது திரியின் இழைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் சுடர் சோர்ந்துவிடும். மெழுகுவர்த்திக்கென்றே வரும் எண்ணெயில் கரையும் சாயம் இப்படிச் செய்யாது. உணவு நிறம் தண்ணீரில் கரைவது, மெழுகோடு சேராமல் அடியில் முத்துமுத்தாக நிற்கும். வாசனைக்கும் இதே கதைதான். உடம்பில் அடித்துக்கொள்ளும் சென்ட் வேண்டாம், அதில் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால், சூட்டில் தீப்பிடிக்கும். மெழுகுவர்த்திக்கான வாசனை எண்ணெயை நூறு கிராம் மெழுகுக்கு ஆறு கிராம் அளவில், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கலக்கலாம்.

எரியாத மெழுகுவர்த்தியை மெழுகுவர்த்தி என்று சொல்ல எனக்கு மனசு வராது. அது பொம்மை.

குட்டிச்சுவர்:
பொம்மை என்றால் பொம்மைதான், எனக்கு அதில் வெட்கமில்லை. வீட்டில் பத்துப் பேர் பார்த்து ரசிக்கிறார்கள். நீங்கள் ஏற்றினது உருகி ஓடிவிட்டது, என்னுடையது அப்படியே இருக்கிறது.

தறிநூல்:
சண்டை வேண்டாம், இரண்டு பேரும் சொல்வதை ஒன்றாகவே செய்யலாம். நடுத்தண்டை நிறமில்லாத வெள்ளை மெழுகில் வார்த்துவிடுங்கள். கிரேயான் கலந்த மெழுகை உயரமான டப்பாவில் உருக்கி, தண்டை அதில் இரண்டு மூன்று முறை முக்கி எடுங்கள். மேலே மட்டும் மெல்லிய நிறத்தோல். திரிக்குப் பக்கத்தில் வெள்ளை மெழுகுதான் இருக்கும். ஓரச் சுவர் உருகாமல் நிற்பதால் நிறம் திரிக்கு அவ்வளவாக வராது.

குட்டிச்சுவர்:
இது நல்ல யோசனை. சரி, ஒப்புக்கொள்கிறேன், பாதி.

அடுப்படிக்காவல்:
எல்லோரும் அழகைப் பேசுகிறீர்கள். நான் அடுப்பைப் பற்றிப் பேசவேண்டும். போன வருடம் மெழுகுச் சட்டியை நேராக அடுப்பில் வைத்துவிட்டு, போன் வந்ததென்று நகர்ந்தேன். திரும்பி வந்தால் சட்டிக்கு மேல் நீலமாக மெல்லிய புகை. அந்தப் புகையைப் பார்த்தால் உடனே அடுப்பை அணைக்கவேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கரண்டியை எடுத்துக் கிளறப்போனேன். நல்லவேளை, வீட்டில் இன்னொருவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பற்றியிருக்கும்.

மெழுகு கொதிக்காது, எச்சரிக்கை தராது. சுமார் 60 டிகிரியில் உருகும், 200 டிகிரியை நெருங்கினால் ஆவி தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும், பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி தெளிந்த தண்ணீர்தான். அதனால் சட்டிக்குள் சட்டி. பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் ஒரு கம்பி வளையமோ மூடியோ போட்டு அதன் மேல் மெழுகுப் பாத்திரம். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, மெழுகும் தாண்டாது. வெளிப்பாத்திரத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகைக் கூரைவரைக்கும் வீசி அடிக்கும். அடுப்பை அணைத்து, சட்டியை இறுக்கமான மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடவேண்டும். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. மூடி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

மிஞ்சிய மெழுகைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் போய் இறுகிவிடும். இதையும் செய்து பார்த்தவன்தான் சொல்கிறேன்.

நீர்ப்பலூன்:
அச்சு என்ற தலைப்பில் இன்னும் யாரும் பலூனைச் சொல்லவில்லையே! எனக்குப் பிடித்தது அதுதான். சின்னப் பலூனில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றே இல்லாமல் முடிச்சுப் போடுங்கள். மெழுகு 70 டிகிரிக்குள் இருக்கட்டும். முடிச்சைப் பிடித்துக்கொண்டு, பலூனை முக்கால்வாசி மெழுகில் இறக்கி, மூன்று நொடியில் தூக்குங்கள். சூட்டில் வெடிக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை ரப்பர் அவ்வளவு சூடேறாது. காற்று நின்ற இடம்தான் ஆபத்து.

முதல் முக்கலில் ஒன்றுமே தெரியாது, பலூனுக்குப் பனி பிடித்தது போல இருக்கும். நாலாவது ஐந்தாவதில் நிறம் மறைய ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் ஆறவிட்டு, பத்துப் பன்னிரண்டு தடவை. கடைசியில் சூடு தணியும் முன் சமமான தட்டில் மெதுவாக உட்காரவைத்தால் அடி தட்டையாகிவிடும். முழுக்க ஆறியதும் தொட்டிக்கு மேலே பிடித்து முடிச்சின் பக்கத்தில் ஊசியால் குத்துங்கள். தண்ணீர் போய், பலூன் தோல் மெழுகிலிருந்து உரிந்து சுருங்கி வரும். கையில் இருப்பது முட்டை ஓடு மாதிரி ஒரு கிண்ணம். உள்ளே ஒரு தட்டு விளக்கை வைத்து ஏற்றினால் சுவர் முழுக்க ஒளி ஊறி நிற்கும். சுவர் அரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சூட்டில் தொய்ந்துவிடும், கிண்ணம் சின்னதாக இருந்தாலும் தொய்யும்.

பால் பெட்டி கையில் இருந்தால் பனிக்கட்டி மெழுகுவர்த்தியும் செய்யலாம். நடுவில் கடையில் கிடைக்கும் ஒல்லியான மெழுகுவர்த்தி ஒன்றை நிறுத்தி, சுற்றிலும் கட்டைவிரல் அளவு பனிக்கட்டி போட்டு, 85 டிகிரி மெழுகை ஊற்றுங்கள். பனி உருகுவதற்குள் மெழுகு இறுகிவிடும், தண்ணீர் வடிந்த இடமெல்லாம் பொத்தல். ஒவ்வொன்றும் வேறு மாதிரி வரும். ஒல்லி மெழுகுவர்த்தி எதற்கு என்றால், வெறும் திரியைப் போட்டால் பனித் தண்ணீர் குடித்துவிடும். ஒரு நாள் காயவிட்டு ஏற்றுங்கள். பொத்தல் வழியாக மெழுகு கண்டபடி வடியும், அடியில் தட்டு வைக்காமல் ஏற்றாதீர்கள்.

குட்டிச்சுவர்:
தண்ணீர் பாட்டிலை வெட்டி அச்சாக வைக்கலாமா?

நீர்ப்பலூன்:
மெல்லிய பாட்டில் சூட்டில் சுருண்டு நெளியும். வைத்துப் பார்த்தேன், பேய் கை மாதிரி ஒன்று வந்தது. தடித்த தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா பரவாயில்லை, ஆனால் 65 டிகிரிக்கு இறங்கிய பிறகு ஊற்றவேண்டும். வெப்பமானி இல்லை என்றால் பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் படலம் கட்டத் தொடங்கும் நேரம் பாருங்கள், அதுதான் சமயம்.

புதுத்திரி:
ஒரு சங்கு இருக்கிறது. அதே உருவத்தில் மெழுகுவர்த்தி வேண்டும். டப்பாவில் முடியாதே?

பழையடப்பா:
அதற்குக் குளியலறை இடுக்கு அடைக்கும் சிலிகான் பசை. காடி வாடை அடிப்பதாக, முழுக்கச் சிலிகானாக இருக்கவேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாகக் கலந்து, பசையை அதற்குள் பிழிந்து, தண்ணீருக்குள்ளேயே கையால் பிசையுங்கள். சப்பாத்தி மாவு பதம் வரும். சங்கின் மேல் விரல் தடிமனுக்கு அப்பி, அடியை மட்டும் திறந்து விட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு நாள் விடுங்கள். பிறகு ஒரு பக்கம் பிளேடால் கீறிச் சங்கை எடுக்கலாம். ஊற்றும்போது கீறலை ரப்பர் பேண்டால் இறுக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவவே தேவையில்லை. சங்கின் உள்வாய்க்குள் பசை போகாமல் முதலில் களிமண்ணால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சங்கு உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

எவ்வளவு மெழுகு வேண்டும் என்று அடுத்துக் கேட்பீர்கள். அச்சில் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். 100 மில்லி தண்ணீர் பிடித்தால் 90 கிராம் மெழுகு, குழி நிரப்ப இன்னும் கொஞ்சம். பிறகு அச்சைச் சொட்டு ஈரமில்லாமல் துடையுங்கள்.

புதுத்திரி:
பதினைந்து நாள் கழித்து வருகிறேன். தறிநூல் சொன்னபடி மூன்று திரி பின்னி மூன்றையும் ஏற்றிப் பார்த்தேன். ஒன்று கிணறு வெட்டியது, ஒன்று புகைந்தது, நடுவில் இருந்தது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆடாமல் எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன்.

பலூன் கிண்ணம் இரண்டு உடைந்தன, மூன்றாவது நிற்கிறது. சங்கு அச்சில் நுனி மட்டும் வரவில்லை, காற்று நின்றுவிட்டது போல.

பழையடப்பா:
அடுத்த தடவை ஊற்றியதும் அச்சை மேசையில் நாலு தட்டுத் தட்டி, இரண்டு நிமிடம் சாய்த்துப் பிடியுங்கள். நுனிக்குப் போய்விடும்.

அந்த நெளிந்த டம்ளர் என்ன ஆயிற்று?

புதுத்திரி:
இப்போது அதில்தான் மெழுகு உருக்குகிறேன் அம்மா. நெளிந்த இடம் மூக்கு மாதிரி ஆகிவிட்டதால் சிந்தாமல் ஊற்ற வருகிறது. வீட்டில் ஒரு டம்ளர் குறைகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள், நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.